கேபினுக்குள் கார்பன் மோனாக்சைடு: எண் எப்போது ஏறுகிறது என்பதை வைத்துக் கசிவைப் பிடிப்பது

சிறிய பிஸ்டன் விமானத்தில் கார்பன் மோனாக்சைடு டிடெக்டர் ஒரு எண்ணைக் காட்டினால், முதல் கேள்வி "எவ்வளவு?" என்பது. எஞ்சின் புகை (எக்ஸாஸ்ட்) எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க அதைவிட உதவும் கேள்வி "எப்போது?" என்பதுதான். ஹீட்டர் குமிழை இழுத்தபோதா, உயரே ஏறும்போதா, டாக்ஸி செய்யும்போதா (தரையில் ஓட்டிச் செல்லும்போது), ஜன்னலைத் திறந்தபோதா? ஒவ்வொன்றும் விமானத்தின் வேறொரு இடத்தைக் காட்டும். எண் ஏறும் நேரத்தைக் குறித்து வைத்தால் மெக்கானிக்குக்கு வேலை பாதியாகக் குறையும். குறிக்காமல் "ஏதோ அலாரம் அடித்தது" என்று மட்டும் சொன்னால் கௌலிங்கை (எஞ்சின் மூடியை) கழற்றி, எல்லாவற்றையும் பார்த்து, "ஒன்றும் தெரியவில்லை" என்று மூடிவிடுவதில்தான் முடியும்.

அலாரம் இப்போதே அடிக்கிறது, விமானம் காற்றில் இருக்கிறது

காரணம் தேடுவதைத் தரையில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது செய்ய வேண்டியவை:

1. கேபின் ஹீட்டை முழுவதுமாக மூடுங்கள். டிஃப்ராஸ்ட் (முன்கண்ணாடிக்குப் போகும் சூடு) தனிக் குமிழாக இருந்தால் அதையும் மூடுங்கள்.
2. வெளிக்காற்று வென்ட்களை எல்லாம் முழுதாகத் திறங்கள். ஜன்னலைத் திறப்பது பற்றி உங்கள் விமானக் கையேடு சொல்வதைச் செய்யுங்கள். திறந்தபின் எண்ணைப் பாருங்கள். கூடினால் உடனே மூடுங்கள். ஏன் என்று பின்னால் வருகிறது.
3. ஆக்சிஜன் இருந்தால் போடுங்கள். மூக்குக் குழாயைவிட முகமூடி நல்லது. இருக்கும் அதிகபட்ச ஓட்டத்தில் வையுங்கள்.
4. பவரைக் குறைத்து, பிறகு மிக்ஸ்சரை (எரிபொருள்-காற்றுக் கலவையை) லீன் செய்யுங்கள், அதாவது எரிபொருள் பங்கைக் குறையுங்கள். எஞ்சின் சீராக ஓடுமானால் பீக்குக்கு (எக்ஸாஸ்ட் சூடு உச்சம் தொடும் புள்ளிக்கு) லீன் பக்கம் கொண்டுபோங்கள். ஃபுல் ரிச்சில் (எரிபொருள் மிகுந்த கலவையில்) எக்ஸாஸ்ட்டில் பல சதவீதம் கார்பன் மோனாக்சைடு இருக்கும். லீன் பக்கத்தில் அது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். கசியும் ஓட்டை அதேதான், ஆனால் வரும் விஷம் குறைவு.
5. கட்டுப்பாட்டு நிலையத்துக்குச் சொல்லுங்கள். "கேபினில் கார்பன் மோனாக்சைடு, அருகிலுள்ள ஓடுதளத்துக்கு வருகிறேன்" என்று இப்போதே, பேச்சு தெளிவாக இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். அப்புறம் உங்கள் குரல் குழறினால் கேட்பவருக்குக் காரணம் தெரியும்.
6. பின்சீட்டில் இருப்பவர்களைத் தட்டிப் பாருங்கள். "தூங்குகிறார்கள்" என்று விட்டுவிடாதீர்கள்.

எந்த எண்ணில் என்ன செய்வது? சான்றளிப்பு விதிகளில் கேபின் காற்றுக்கான பழைய உச்சவரம்பு 20,000 பங்கில் 1 பங்கு, அதாவது 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு). நடைமுறையில் 10-க்கு மேல் நிலையாக நின்றால் குறித்துவைத்து, இறங்கியதும் காரணம் தேடுங்கள். 35-ஐத் தொட்டால் ஹீட்டரை மூடி வென்ட்களைத் திறங்கள். 50-ஐத் தாண்டினால் பயணத்தை முடித்துக்கொண்டு இறங்குங்கள். 100-ஐத் தாண்டினால் அது அவசரநிலை. எண் குறையத் தொடங்கிவிட்டது என்பதற்காகப் பயணத்தைத் தொடராதீர்கள். கேபின் காற்று சில நிமிடங்களில் சுத்தமாகும், உங்கள் ரத்தம் ஆகாது. சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் ரத்தத்தில் ஏறிய கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறைய 4 முதல் 5 மணி நேரம் ஆகும்.

உடம்பு ஏதோ சொல்கிறது, டிடெக்டர் இல்லை அல்லது அமைதியாக இருக்கிறது

நெற்றியில் இறுக்கம், மந்தம், லேசான குமட்டல், ரேடியோவில் சொன்ன எண்ணைத் திரும்பக் கேட்க வேண்டியிருப்பது, சோர்வு. இவற்றைக் களைப்பு, பசி, மேகக் குலுக்கல் என்று எடுத்துக்கொள்வது எளிது. ஆபத்து அங்கேதான். கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். பாதிக்கப்படும் முதல் உறுப்பு, "நான் பாதிக்கப்பட்டிருக்கிறேனா?" என்று கேட்க வேண்டிய மூளையேதான். அதனால் "எனக்கு ஒன்றுமில்லை" என்ற எண்ணத்தை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டு அடையாளங்களை நம்பலாம். விமானத்தில் இருக்கும் ஒருவருக்கு மேல் ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் அது களைப்பல்ல. தரையில் இறங்கி அரைமணி வெளியே நடந்ததும் தெளிந்து, அடுத்த பயணத்தில் மீண்டும் வந்தால் அதுவும் களைப்பல்ல. சந்தேகம் வந்தால் மேலே சொன்ன ஆறையும் செய்யுங்கள். டிடெக்டர் ஒத்துக்கொள்ளும்வரை காத்திருக்க வேண்டாம்.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இங்கே ஏமாற்றும். சாதாரண ஆக்சிமீட்டருக்கு ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் கார்பன் மோனாக்சைடு ஏறியதும் ஒன்றாகவே தெரியும். 97 என்று காட்டிக்கொண்டே இருக்கும், ஆள் மயங்கிக்கொண்டிருப்பார். உயரத்தில் ஆக்சிஜன் குறைவுக்காக அதை வைத்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். உயரமும் சேர்ந்தால் இரண்டு குறைகளும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும். கடல்மட்டத்தில் தாங்கக்கூடிய அளவு 9,000 அடியில் தாங்காது. புகைபிடிப்பவர் ரத்தத்தில் ஏற்கெனவே சில சதவீதம் இருப்பதால் அவருக்கு இடம் இன்னும் குறைவு.

இறங்கியதும் மருத்துவரிடம் "தலைவலி" என்று மட்டும் சொல்லாதீர்கள். கார்பாக்சிஹீமோகுளோபின் ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். நேரம் போகப்போக அளவு இறங்கிவிடும், இரண்டு மணி தாமதமானாலே உண்மை மங்கும். ஆக்சிஜன் முகமூடி போட்டபின் எடுத்த ரத்தமென்றால் அதையும் சொல்லுங்கள், ஏனென்றால் தூய ஆக்சிஜனில் பாதியாவதற்கு ஒன்றரை மணி நேரத்துக்குள்ளேயே ஆகும்.

ஹீட்டரைத் திறந்தால் மட்டும் எண் ஏறுகிறது

இதுதான் அடிக்கடி வருவது, சந்தேகம் போக வேண்டிய இடமும் தெளிவானது: மஃப்ளர், அதாவது எக்ஸாஸ்ட் ஒலியைக் குறைக்கும் உலோகக் கூடு. ஒற்றை எஞ்சின் விமானங்கள் பெரும்பாலானவற்றில் கேபின் ஹீட் என்பது மஃப்ளரைச் சுற்றி ஒரு தகட்டு உறை. வெளிக்காற்று உறைக்குள் புகுந்து, சூடான மஃப்ளர் சுவரைத் தடவி, ஃபயர்வாலில் (எஞ்சினையும் கேபினையும் பிரிக்கும் தீத்தடுப்புச் சுவரில்) உள்ள வால்வு வழியாகக் கால்பக்கம் வரும். எக்ஸாஸ்ட்டையும் நீங்கள் சுவாசிக்கும் காற்றையும் பிரிப்பது அந்த மெல்லிய சுவர் ஒன்றுதான். அது சிவக்கச் சூடாகி, குளிர்ந்து, அதிர்ந்து, மணிக்கணக்கில் ஓடி வெடிப்பு, அதாவது விரிசல் விடும். எக்ஸாஸ்ட்டில் 5 சதவீதம், அதாவது 50,000 பிபிஎம் இருக்கிறது என்று வையுங்கள். 500 பங்கு காற்றில் 1 பங்கு கலந்தாலே கேபினில் 100 பிபிஎம். முடியிழை அளவு வெடிப்பு போதும்.

முதலில் உறுதிசெய்யும் சோதனை. பகலில், ஓடுதளத்துக்கு அருகில், கூட ஒருவரோடு பறங்கள். ஹீட் மூடியபடி 5 நிமிடம், எண்ணைக் குறியுங்கள். முழுதாகத் திறந்து 5 நிமிடம், குறியுங்கள். மூடி மீண்டும் 5 நிமிடம். திறந்தபோது ஏறி, மூடியபின் இறங்கினால் மஃப்ளரோ உறையோ குழாய் இணைப்போ காரணம். மூடியும் மிக மெதுவாகத்தான் இறங்குகிறதென்றால் ஃபயர்வால் வால்வின் மடல் சரியாக உட்காரவில்லை. அது இரண்டாவது கோளாறு, மஃப்ளரோடு சேர்த்துச் சரிசெய்ய வேண்டியது. எண் 50-ஐத் தொட்ட நொடி சோதனையை நிறுத்துங்கள்.

அடுத்து கௌலிங்கைக் கழற்றி, உறையையும் கட்டாயம் கழற்ற வேண்டும். உறை மேலே இருக்கும்போது மஃப்ளரைப் "பார்த்தேன்" என்பதற்குப் பொருளே இல்லை. வெடிப்பு பெரும்பாலும் உறைக்குள்தான் ஒளிந்திருக்கும். பார்க்க வேண்டிய இடங்கள்: முனைத் தகடு உடலோடு சேரும் பற்றவைப்பு, ஒவ்வொரு சிலிண்டர் குழாயும் நுழையும் கழுத்து, உறையின் பட்டை இறுக்கும் இடத்தில் தேய்மானம், வெளிப்போக்குக் குழாயின் தொடக்கம். வெடிப்பு கோடாகத் தெரிவதற்கு முன் தூளாகத் தெரியும். உலோகத்தின்மேல் சாம்பல் கலந்த வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ ஒரு பூச்சு, விசிறி விரித்ததுபோல் ஒரு புள்ளியிலிருந்து பரவியிருக்கும். அந்த விசிறியின் காம்பு எங்கே சேர்கிறதோ அங்கே கண்ணாடியும் டார்ச்சும் வைத்துத் தேடுங்கள். உறையின் உட்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். மஃப்ளரில் கண்ணுக்குத் தப்பிய இடம், எதிரே உறையில் கறையாகப் பதிந்திருக்கும்.

வெடிப்பைக் குறிக்கச் சாதாரண பென்சிலைத் தொடவே தொடாதீர்கள். கிராஃபைட்டில் உள்ள கார்பன் சூட்டில் உலோகத்துக்குள் இறங்கி அந்தக் கோட்டிலேயே அடுத்த வெடிப்பை உண்டாக்கும். துத்தநாகம் பூசிய கருவிகளுக்கும் இதே தடை. சாக்பீஸ் போதும்.

பார்வைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அழுத்தச் சோதனை. மேக்னெட்டோ (எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் கருவி) சாவி வெளியே, மிக்ஸ்சர் மூடி, புரொப்பெல்லர் அருகில் யாரும் இல்லை என்பதை உறுதிசெய்யுங்கள். வெற்றிட உறிஞ்சியின் வெளியூதும் பக்கத்தை எக்ஸாஸ்ட் குழாயோடு துணியும் டேப்பும் வைத்து இணையுங்கள். இரண்டு குழாய் இருந்தால் மற்றதை அடையுங்கள். குறைந்த அழுத்தமே வேண்டும். 2 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு 2 பவுண்ட்) மேல் போகாதீர்கள், உற்பத்தியாளர் வேறு எண் கொடுத்திருந்தால் அதுவே சரி. பிறகு சோப்புத் தண்ணீரைப் பற்றவைப்புகள், கிளாம்ப்கள், ஃபிளாஞ்ச் கேஸ்கெட்கள் மேல் தெளியுங்கள். பொருந்தும் மூட்டுகளில் சின்னதாக நுரைப்பது இயல்பு, நழுவும் மூட்டுகள் குளிராக இருக்கும்போது கொஞ்சம் கசியவே செய்யும். ஆனால் மஃப்ளரின் வெறும் சுவரில், மூட்டே இல்லாத இடத்தில், ஒரு குமிழி மெல்ல ஊதிப் பெருத்து உடைந்து அதே இடத்தில் மறுபடி எழுந்தால் தேடியது கிடைத்துவிட்டது. அப்புறம் பேச்சில்லை.

உட்பக்கம் தனி. உள்ளே இருக்கும் தடுப்புகளும் கூம்புகளும் எரிந்து உதிர்ந்தால் சுவரின் ஒரு இடத்தில் மட்டும் சூடு குவியும், அங்கே உலோகம் மெலியும். போரோஸ்கோப்பை (குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் கருவியை) வெளிப்போக்கு வழியாக விட்டுப் பாருங்கள். உதிர்ந்த தடுப்புத் துண்டு வெளிப்போக்கை அடைத்து எஞ்சின் பவரையே வாங்கிவிடும் என்பது கூடுதல் காரணம்.

பற்றவைத்துப் பயன்படுத்தலாமா? அந்த வேலைக்கு அங்கீகாரம் பெற்ற, எக்ஸாஸ்ட்டுக்கென்றே இருக்கும் பட்டறைக்கு அனுப்பினால் உண்டு. ஹேங்கரிலேயே ஒரு தையல் போட்டு மாட்டுவது வேண்டாம். மெலிந்த சுவரில் போட்ட பற்றவைப்பின் ஓரமே அடுத்த வெடிப்பு. அமெரிக்க எஃப்ஏஏவுக்காக (விமானப் போக்குவரத்து நிர்வாகம்) 2009-ல் வந்த ஆய்வறிக்கை, கார்பன் மோனாக்சைடு மஃப்ளரிலிருந்து வந்த நிகழ்வுகளில் பெரும்பகுதி 1,000 மணிக்கு மேல் ஓடிய மஃப்ளர்களில் என்று காட்டியது. ஆகவே லாக்புக்கில் எஞ்சின் மணியோடு மஃப்ளர் மணியையும் தனியாக எழுதுங்கள். எஞ்சின் ஓவர்ஹால் (பிரித்துப் புதுப்பித்தல்) ஆகியிருக்கும், மஃப்ளர் அப்படியே பழையதாக இருக்கும். "எஞ்சின் புதுசு" என்ற நம்பிக்கையில் தப்புவது இதுதான்.

ஹீட்டர் மூடியே இருக்கிறது, ஆனாலும் எண் நிற்கிறது

இது கடினமான வகை. எக்ஸாஸ்ட் எஞ்சின் அறைக்குள்ளோ வெளியே வயிற்றோரமாகவோ போய், ஓட்டைகள் வழியாகக் கேபினுக்குள் திரும்புகிறது. இங்கே இரண்டு தனிக் கேள்விகள்: எங்கே கசிகிறது, எங்கே நுழைகிறது. ஒன்றை மட்டும் அடைத்து நிறுத்திவிடக் கூடாது.

2017 டிசம்பர் 31 அன்று ஆஸ்திரேலியாவின் ஹாக்ஸ்பரி ஆற்றில் ஜெருசலேம் பே பகுதியில் பீவர் வகை மிதவை விமானம் விழுந்து விமானியும் ஐந்து பயணிகளும் இறந்தார்கள். ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணையில் தெரிந்த சங்கிலி இது. எக்ஸாஸ்ட் கலெக்டர் வளையத்தில் (சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட்டைச் சேர்க்கும் குழாயில்) வெடிப்புகள். அதனால் எஞ்சின் பக்கம் வாயு சேர்ந்தது. ஃபயர்வாலில் மேக்னெட்டோவை எட்டுவதற்கான மூடிகளில் மூன்று போல்ட்கள் இல்லை. அந்த ஓட்டைகள் வழியாகக் கேபின். வெடிப்பு மட்டும் இருந்திருந்தால் வாயு வெளியே போயிருக்கும், போல்ட் மட்டும் இல்லாமலிருந்தால் சுத்தமான காற்றுதான் வந்திருக்கும். இரண்டும் சேர்ந்தன. அந்த விமானத்தில் கார்பன் மோனாக்சைடு பட்டால் நிறம் மாறும் அட்டை ஒட்டப்பட்டிருந்தது, அது காப்பாற்றவில்லை.

நுழையும் இடத்தைத் தேட, கைக்குள் அடங்கும் டிடெக்டரை எடுத்துக்கொண்டு கேபினில் புள்ளி புள்ளியாக அளங்கள். சுக்கான் மிதிகளுக்கு மேல், கால்பக்கக் கம்பளத்தின் கீழ் ஓரம், கதவின் அடி விளிம்பு, சக்கரம் மடங்கும் குழிக்கு மேலுள்ள தரை, பொருள் வைக்கும் இடம், பின்சீட்டுக்குப் பின். ஒவ்வொரு புள்ளியிலும் குறைந்தது ஒரு நிமிடம் காத்திருங்கள், சென்சார் உடனே பேசாது. அதிகம் காட்டும் புள்ளி நுழைவாயிலுக்குப் பக்கம்.

மிதிகள் பக்கம் அதிகமென்றால் ஃபயர்வால். இரவில் எஞ்சின் பக்கம் பலமான விளக்கு வைத்து, கேபினில் போர்வையால் வெளிச்சத்தை மறைத்து, மிதிகளுக்குக் கீழே தலையை நுழைத்துப் பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரியும் ஒவ்வொரு இடமும் ஓட்டை. த்ராட்டில், மிக்ஸ்சர் கேபிள்கள் நுழையும் குரோமெட் (ஓட்டையின் ரப்பர் வளையம்), வயர்க்கட்டு, பழைய கருவியைக் கழற்றியபோது விட்டுப்போன ஓட்டை, முன்சக்கரத் திருப்புத் தண்டின் ரப்பர் உறை ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். அடைக்கத் தீ தாங்கும் ஃபயர்வால் சீலன்ட் மட்டும். வீட்டுச் சிலிக்கோன் தீயைத் தாங்காது, ஃபயர்வாலின் வேலை தீயைத் தடுப்பதும்தான்.

கதவோரம் அதிகமென்றால் சீல். ஒரு தாள் துண்டைக் கதவில் வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள், விளிம்பு முழுக்க ஒவ்வொரு சாணுக்கும். தடையில்லாமல் வழுக்கி வரும் இடம் காற்று நுழையும் இடம். பறக்கும்போது கேபினுக்குள் அழுத்தம் வெளியைவிடச் சற்றுக் குறைவாக இருப்பது சகஜம், அதனால் வயிற்றை ஒட்டி ஓடும் எக்ஸாஸ்ட்டைக் கதவின் அடி விளிம்பு உறிஞ்சும். எக்ஸாஸ்ட் குழாய் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கக் கதவை முதலில் பாருங்கள். குழாயைக் கழற்றி மாட்டியபோது கோணம் திரும்பியிருந்தாலோ, குட்டையான மாற்றுக் குழாய் போட்டிருந்தாலோ இதுவரை இல்லாத எண் திடீரென்று வரும்.

பின்பக்கம் அதிகமென்றால் வால் கூம்பு, பொருள் அறைக் கதவு, வயிற்றுத் தகட்டின் மூடிகள். முன்னே கசிந்தது பின்னால் சுற்றி நுழைவதால் ஆட்கள் முன்பக்கத்திலேயே தேடி நாளைக் கடத்துவார்கள். எளிய வழி, வெளியிலிருந்து ஒவ்வொரு இடைவெளியாக அலுமினிய டேப் ஒட்டி ஒவ்வொரு முறையும் பறந்து எண்ணைப் பார்ப்பது. ஒரு முறைக்கு ஒரே இடம். அவசரத்துக்குத் திறக்க வேண்டிய எதையும் டேப் போட்டு மூட வேண்டாம்.

டர்போ எஞ்சினென்றால் நழுவு மூட்டுகளையும் டர்போவைப் பிடிக்கும் வி-பட்டைக் கிளாம்ப்களையும் முதலில் பாருங்கள். அங்கே கசிவது விஷம் மட்டுமல்ல, ஊதுகுழல் போன்ற தீயும்கூட.

விமானம் ஏறும்போது மட்டும் எண் ஏறி, சமமாகப் பறக்கும்போது இறங்குகிறது

ஏறும்போது பவர் முழுது, மிக்ஸ்சர் ரிச், மூக்கு மேலே, வேகம் குறைவு. எக்ஸாஸ்ட் அதிகம், அதில் கார்பன் மோனாக்சைடும் அதிகம், வயிற்றோரம் ஒட்டியே ஓடும். 10, 15 என்று சில நிமிடம் எட்டி, மட்டம் பிடித்து லீன் செய்ததும் பூஜ்யத்துக்கு வருமானால் மஃப்ளர் உடைந்திருக்கும் வாய்ப்பு குறைவு, கதவு சீலும் வயிற்று மூடிகளும்தான். ஆனால் போன மாதம் 8, இந்த மாதம் 22 என்று ஏறிக்கொண்டே போனால் வெடிப்பு வளர்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தரையில் மட்டும்

பின்காற்றில் டாக்ஸி, முன்னால் நிற்கும் விமானத்தின் எக்ஸாஸ்ட், காற்றுக்குப் புறங்காட்டி ரன்-அப் (புறப்படுமுன் எஞ்சின் சோதனை), கதவு சற்றே திறந்தபடி நீண்ட காத்திருப்பு. மூக்கைக் காற்றுக்குத் திருப்பிக் கதவை மூடி இரண்டு நிமிடம் பாருங்கள். பூஜ்யமானால் கோளாறில்லை. தரையிலும் மிக்ஸ்சரை லீன் செய்யும் பழக்கம் பிளக்குக்கும் நல்லது, இதற்கும் நல்லது. ஆனால் எண்ணை உடம்பு மறக்காது. மேலே சொன்ன பீவர் புறப்படுவதற்கு முன் 27 நிமிடம் தண்ணீரில் டாக்ஸி செய்தது, விமானியின் கதவு சற்றுத் திறந்தபடி. அளவு உயர்ந்தபடி இருந்தால் அது இறங்கும்வரை புறப்படாதீர்கள்.

ஜன்னலைத் திறந்தால் கூடுகிறது

முரணாகத் தோன்றும், காரணம் எளிது. ஜன்னல் வழியே ஓடும் காற்று கேபின் காற்றை வெளியே உறிஞ்சுகிறது. அதை நிரப்பக் கீழேயிருந்து, கதவின் அடியிலிருந்து, வால்பக்கமிருந்து காற்று வருகிறது, எக்ஸாஸ்ட்டோடு. முன்பக்க வென்ட்கள் அழுத்தித் தள்ளுபவை, அவை பெரும்பாலும் நல்லது செய்யும். பின்ஜன்னலும் பக்கவாட்டுச் சின்ன ஜன்னலும் விமானத்துக்கு விமானம் மாறும். எந்த அமைப்பு எண்ணைக் குறைக்கிறது என்று அமைதியான ஒரு நாளில் பார்த்து, சரிபார்ப்புப் பட்டியலில் எழுதி வையுங்கள்.

இரட்டை எஞ்சின், எரிபொருள் ஹீட்டர்

இங்கே ஹீட்டரே பெட்ரோலை எரிக்கும் தனி அடுப்பு. அதன் எரிகுழாயில் வெடிப்பு விழுந்தால் எஞ்சின் எக்ஸாஸ்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. ஹீட்டரைப் போட்டதும் ஏறுகிறது, எரிபொருள் வாடையும் வருகிறது என்றால் ஹீட்டர் பிரேக்கரை (மின்துண்டிப்பானை) இழுத்து, அழுத்தம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அளக்கும் சோதனை முடியும்வரை தொடாதீர்கள். இந்தச் சோதனைக்கு அதன் பராமரிப்புக் கையேட்டில் மணிக்கணக்கு உண்டு. ஹீட்டர் மணியை அளக்கும் மீட்டர் ஓடுகிறதா என்றும் பாருங்கள். இறங்கியபின் ஹீட்டரை அணைத்து ஃபேனை இரண்டு நிமிடமாவது ஓடவிட்டால் குழாய் சீராகக் குளிரும், ஆயுள் கூடும்.

டிடெக்டர்மேலேயே சந்தேகம்

நிறம் மாறும் அட்டையை மட்டும் நம்பியிருந்தால் டிடெக்டர் இல்லை என்றே கணக்கு வையுங்கள். அது கூப்பிடாது, நீங்கள்தான் அதைப் பார்க்க வேண்டும், பார்க்கத் தோன்றாத நிலையைத்தான் இந்த வாயு உண்டாக்குகிறது. உறை பிரித்தபின் ஆயுள் பல வகைகளில் ஒன்றிரண்டு மாதம்தான். அம்மோனியா உள்ள துடைப்பான்களும் கரைப்பான்களும் அதைக் கெடுக்கும். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2022-ல் கொடுத்த கணக்கில், 1982 முதல் 2020 வரை கார்பன் மோனாக்சைடால் நேர்ந்த 31 விபத்துகள், அவற்றில் 42 மரணங்கள். அந்த 31-ல் ஒரே ஒரு விமானத்தில்தான் டிடெக்டர் இருந்தது, அதுவும் ஒலியோ ஒளியோ தந்து எச்சரிக்கும் வகையல்ல. 2019 ஜனவரியில் ஆங்கிலக் கால்வாயில் விழுந்த பைப்பர் மாலிபு விமானத்தில் இருந்த கால்பந்து வீரர் எமிலியானோ சாலாவின் ரத்தத்தில் கார்பாக்சிஹீமோகுளோபின் 58 சதவீதம்.

வீட்டு அலாரத்தைக் கொண்டுவந்து ஒட்டுவதும் போதாது. வீட்டு அலாரங்களுக்கான அமெரிக்க யூஎல் 2034 தரப்படி 70 பிபிஎம்மில் அலாரம் அடிக்க ஒரு மணி முதல் நான்கு மணி நேரம்வரை ஆகலாம். அதற்குள் பயணமே முடிந்துவிடும். எண்ணைக் காட்டும், 50-க்குள் உரக்கக் கூப்பிடும் எலக்ட்ரோகெமிக்கல் வகை வாங்குங்கள்.

ஒட்டும் இடம் கருவிப் பலகையில், கண் போகும் பாதையில். ஹீட்டர் வாய்க்கோ வெளிக்காற்று வென்ட்டுக்கோ நேரெதிரில் வேண்டாம். பையில், சீட்டுப் பின்பையில் கிடப்பது பயனில்லை. ஹெட்செட்டின் காதுறை மேல்சுருதி ஒலியை நன்றாகத் தடுக்கும், டிடெக்டரின் கீச்சொலி அதே சுருதி. எஞ்சின் ஓடும்போது ஹெட்செட்டோடு சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். கேட்கவில்லை என்றால் பளிச்சிடும் விளக்கு உள்ளதாகவோ ஒலியை ஹெட்செட்டுக்கே அனுப்புவதாகவோ மாற்றுங்கள்.

பொய் எண் வருவதும் உண்டு. எலக்ட்ரோகெமிக்கல் சென்சார் ஹைட்ரஜனுக்கும் பதில் சொல்லும். அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகும் லெட்-ஆசிட் பேட்டரி ஹைட்ரஜனை விடும். அப்போது எண்ணோடு வோல்ட்டேஜும் உயர்ந்திருக்கும், ரெகுலேட்டரைப் பாருங்கள். கைகளுக்குப் போடும் ஆல்கஹால் திரவமும் சில நிமிடம் எண்ணைத் தூக்கும். ஆனால் "சென்சார் கெட்டிருக்கும்" என்ற முடிவுக்குக் காற்றில் வைத்து வராதீர்கள். இறங்கி, திறந்த வெளியில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்து, இரண்டாவது டிடெக்டரை அதே இடத்தில் வைத்து அளந்தபின் சொல்லுங்கள். சென்சாருக்குத் தேதி உண்டு, வழக்கமாக 5 முதல் 7 ஆண்டு. பொத்தானை அழுத்தினால் ஒலிப்பான் வேலை செய்வது தெரியும், சென்சார் உயிரோடிருப்பது தெரியாது. அதற்குத் தெரிந்த செறிவுள்ள சோதனை வாயுதான் வழி.

சரிசெய்தபின்

எது மாற்றப்பட்டாலும் மறுபடி அதே அளவீடு: டாக்ஸி, ரன்-அப், ஏற்றம், மட்டம், இறக்கம், ஒவ்வொன்றும் ஹீட் மூடியும் திறந்தும். பழைய எண்களுக்குப் பக்கத்தில் புதியதை எழுதுங்கள். மஃப்ளர் மாற்றியபின் ஹீட் திறந்த எண் பூஜ்யமாகி, ஏற்றத்தில் மட்டும் 12 நின்றால் இன்னொரு நுழைவாயில் மிச்சம், கதவுக்குப் போங்கள். எக்ஸாஸ்ட் ஃபிளாஞ்ச் நட்களை முதல் பயணம் முடிந்து எஞ்சின் ஆறியபின் ஒரு முறை முறுக்கிப் பாருங்கள், புதுக் கேஸ்கெட் அமுங்கித் தளர்ந்திருக்கும். அந்தத் தாளை லாக்புக்கின் உள்ளட்டையில் ஒட்டி, கேபின் ஹீட் தேவைப்படும் பருவம் தொடங்கும் முன் ஆண்டுக்கொரு முறை அதே வரிசையில் மீண்டும் அளங்கள்.